ஸர் அலெக் இஸிகோனிஸ்

தோற்றுவாய்

ஊர்தியில் ஏறிச் செல்வோர் வேண்டுவன இரண்டு. ஒன்று விரைவு, மற்றொன்று உடல் குலுங்காமை. விரைவைத் தருவது எஞ்சின். குலுக்கலைத் தடுப்பது வில். எஞ்சினைப் பற்றிப் பேசுவோர் பலர். வில்லைப் பற்றி எண்ணுவோர் சிலரே. ஆயினும் நம் நாட்டார் இவ்வேற்றுமையை நன்கறிந்திருந்தனர். பாரம் ஏற்றும் மாட்டுவண்டிக்கு இருசின்மேல் நேரே சட்டத்தைப் பொருத்தினர். மக்கள் ஏறிச் செல்லும் வண்டிக்கோ இருசுக்கும் சட்டத்துக்கும் நடுவே எஃகுப் பட்டைகளை அடுக்கி வைத்து, அதனை வில்வண்டி என்றே பெயரிட்டு வழங்கினர். வண்டியின் பெயரே அதன் வில்லால் அமைந்தமை எண்ணி மகிழத்தக்கது.

ஆழ்வார்திருநகரியில் வைகாசித் திங்களில் ஒன்பது திருப்பதிப் பெருமாள்களும் கருடவாகனத்தில் எழுந்தருளும் திருவிழாவுக்குத் தண்பொருநைக் கரையூர்களினின்றும் மக்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்த காலம் ஒன்றுண்டு. வில்வண்டியில் வந்தவர் யார், பாரவண்டியில் வந்தவர் யார் என்பதை அவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கும் கோலமே அக்காலத்தில் காட்டியிருக்கும். பின்னாளில் திருநெல்வேலியினின்று ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை வழியாகத் திருச்செந்தூர் செல்லும் அதே சாலையில் அம்பாஸடர் கார்கள் ஓடின. அவற்றில் ஏறிச் சென்றவர் ஆயிரக்கணக்கானோர். ஆனால் அக்காரின் முன்சக்கரங்களைத் தாங்கியது பட்டைவில் அன்று, முறுக்கப்படும் ஓர் எஃகுத் தண்டே என்பதையும், அம்முறையைச் சிறுவண்டிக்கு ஏற்றுப் புகழ்பெற்றவர் ஒருவர் உண்டு என்பதையும் அவர்களுள் அறிந்தோர் மிகச் சிலர். அவரே ஸர் அலெக் இஸிகோனிஸ். அவர்தம் வரலாற்றையும், அவர் அமைத்த வில்லை இன்று புதுக்குவோர் கருதவேண்டுவனவற்றையும் நம் கல்லூரி நேயர்க்குச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

பிறப்பும் இளமையும்

இவர் 1906-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 18-ஆம் நாள் ஸ்மிர்னா என்னும் துறைமுக நகரில் பிறந்தார். அந்நகர் அக்காலத்தில் துருக்கி சுல்தானின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. இக்காலத்தில் இஸ்மிர் எனப் பெயர் பெறும். தந்தையார் கான்ஸ்டன்டைன் கிரேக்கக் குடியினர். எனினும் பிரிட்டிஷ் பிரஜையாவார். தாயார் ஹுல்டா ஜெர்மானிய வழியினர். கப்பல் எஞ்சின்களைச் செப்பனிடும் தொழிற்சாலை குடும்பத்துக்கு உரியதாயிருந்தது. நம் தூத்துக்குடியிற் பிறந்து வளரும் சிறுவர்க்குக் கப்பலின் ஊதலும் பட்டறையின் ஓசையும் பழகிய ஒலிகளாவதுபோல, இவருக்கும் இயந்திரங்களின் ஓசையே தாலாட்டாயிற்று. தந்தையார் வரைபடம் வரையும் மேசையே சிறுவனின் முதற் பள்ளிக்கூடம்.

இந்நல்வாழ்வு நெடுங்காலம் நீடிக்கவில்லை. 1914-இல் மூண்ட பெரும்போர் குடும்பத்தை அல்லலுக்குள்ளாக்கிற்று. போர் ஓய்ந்தபின்னும் அமைதி வரவில்லை. கிரேக்கர்க்கும் துருக்கியர்க்கும் நிகழ்ந்த போரின் முடிவில், 1922-ஆம் ஆண்டு செப்டம்பரில், ஸ்மிர்னா நகர் துருக்கியர் வசமாகித் தீக்கிரையாயிற்று. பிரிட்டிஷ் பிரஜைகளைக் கப்பல்களில் ஏற்றி மால்ட்டாத் தீவுக்கு அனுப்பினர். வீடும் தொழிற்சாலையும் செல்வமும் ஒருங்கே கைவிட்டுப் போயின. தந்தையார் நோயுற்று அத்தீவிலேயே உயிர் நீத்தார். தாயும் மகனும் மட்டும் 1923-இல் இங்கிலாந்து சேர்ந்தனர். அப்பொழுது மகனுக்கு வயது பதினாறு.

கல்வி

லண்டனிலுள்ள பாட்டர்ஸீ பாலிடெக்னிக்கில் இவர் இயந்திரக் கலை பயின்றார். வரைதலில் இவர் கை தேர்ந்திருந்தது. ஆனால் கணிதமோ இவருக்கு எட்டிக்காயாயிற்று. கணிதத் தேர்வில் மும்முறை தவறினார் என்பது வரலாறு. பல்கலைக்கழகப் பட்டம் இவருக்குக் கிட்டவில்லை.

இதனைப் படிக்கும் மாணவர் சிலர் கணித நூலை மூடிவைக்கக் காரணம் கிடைத்ததென்று மகிழ்தல் கூடும். அவர்கள் ஒன்றை மறத்தலாகாது. கணிதத்தில் தவறிய இஸிகோனிஸ் கணிதத்துக்கு ஈடாக வேறொன்றைத் தேடிக்கொண்டார். தாள் ஒன்று கிடைத்தால் சக்கரமும் கையும் வில்லும் எங்ஙனம் அசையும் என்பதை வரைந்து வரைந்து பார்த்தார். ஆயிரம் முறை வரைந்த பின்னரே ஒன்றைச் செய்தார். பிற்காலத்தில் எண்ணிட்டுக் கணிக்க வேண்டியவற்றை ஜாக் டேனியல்ஸ் முதலிய உடனுழைப்பாளர்பால் ஒப்புவித்தார். தம் குறையை அறிந்து, அதனை நிரப்பவல்ல துணைவரைத் தேடுதலும் கல்வியின் ஒரு பகுதியே.

தொழிலிற் புகுதல்

1928-இல் லண்டனில் வரைபடக்காரராகப் பணியேற்றார். 1934-இல் கவன்ட்ரி நகரத்து ஹம்பர் கம்பெனியிற் சேர்ந்தார். இங்கேதான் முன்சக்கரங்கள் ஒன்றையொன்று பற்றாமல் தனித்தனியே அசையும் அமைப்பைப் பற்றிய ஆராய்ச்சியில் ஈடுபட்டார். இதன் பயன் யாதெனின்: அக்காலத்துக் கார்களில் இரு முன்சக்கரங்களும் ஒரே இருசின் இரு முனைகளில் பொருத்தப்பட்டிருந்தன. இடச்சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் இருசு முழுவதும் சாயும். வலச்சக்கரமும் உடன் சாயும். ஓட்டுவோன் கையிலுள்ள வளையமும் ஆடும். மேலும் கனமான இருசு மேலும் கீழும் குதிப்பதால், அதனை அடக்க வில்லும் வன்மையுடையதாதல் வேண்டும். வில் வன்மையாயின் அமர்ந்திருப்போர் உடல் நோகும். சக்கரத்தைத் தனித்தனியே, எடை குறைந்த கைகளால் தாங்கினால், பள்ளத்தில் இறங்கும் சக்கரம் மட்டுமே இறங்கும். மற்றது தன் வழியே செல்லும். வில்லையும் மென்மையாக வைக்கலாம்.

1936-இல் ஆக்ஸ்போர்டு நகரையடுத்த கௌலியிலுள்ள மாரிஸ் கம்பெனி இவரை அழைத்துக்கொண்டது. பகற்பொழுதில் கம்பெனிப் பணி. ஓய்வு நாட்களில் ஜார்ஜ் டௌஸன் என்னும் நண்பரோடு சேர்ந்து தம் கையாலேயே ஒரு பந்தயக் கார் செய்தல். அச்சிறு காரில் எஃகு வில்லுக்கு மாறாக ரப்பரை வைத்து இவர் சோதித்தார். இருபதாண்டுகட்குப்பின் உலகம் வியந்த ஒன்றின் வித்து அங்கே ஊன்றப்பட்டது.

மாரிஸ் மைனர்

இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருக்கும்போதே, போருக்குப்பின் எளிய குடும்பத்தார் வாங்கத்தக்க சிறுகார் ஒன்றை வரையும் பொறுப்பு இவரிடம் ஒப்படைக்கப்பட்டது. சிறியதாயின் இழிந்ததாயிருக்க வேண்டுமென்னும் எண்ணத்தை இவர் ஒப்பவில்லை. செல்வர் ஏறும் பெருங்காரில் கிடைக்கும் சுகம் எளியார்க்கும் கிடைத்தல் வேண்டுமென்பது இவர் கொள்கை. அதற்காக இவர் கைக்கொண்டது பிரெஞ்சு நாட்டு ஸிட்ரன் கார் 1934-இலேயே பயன்படுத்திய முறுக்குத்தண்டு ஆகும். மெக்கானிக்குகள் இதனை டார்ஷன் பார் என்பர்.

நீண்டதோர் எஃகுத் தண்டின் பின்முனையைக் காரின் அடிப்பகுதியில் அசையாமற் பொருத்தி, முன்முனையைச் சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையோடு இணைத்துவிடுவர். சக்கரம் மேடேறும்போது தண்டு முறுக்கப்படும். மேடு நீங்கியதும், முறுக்கிவிட்ட கயிறு தானே அவிழ்வதுபோல, அது தன் முறுக்கு நீங்கிச் சக்கரத்தைக் கீழே தள்ளும். இடமும் சிறிது, எடையும் குறைவு, தாங்கும் பாரமோ காரின் நடுப்பகுதியிற் சென்று சேரும். பின்சக்கரங்கட்குச் செலவைக் கருதிப் பட்டைவில்லையே வைத்தார். எஞ்சினை முன்னே தள்ளி அமைத்து, பல்லும் சட்டமும் கொண்ட நேரிய திருப்பு முறையையும் சேர்த்ததால், மைனர் வளைவுகளிற் குன்றாது சென்றது.

காரின் உரு முற்றுப்பெற்ற நிலையில் அதன் அகலம் போதாதென்று இவர் கண்ணுக்குப் பட்டது. உடனே மாதிரிக் காரை நடுவே இரண்டாக அறுக்கச் செய்து, இரு பாதிகளையும் சிறிது சிறிதாக விலக்கிப் பார்த்து, நான்கங்குலம் விலகியவுடன் இதுவே பொருத்தமென்று நிறுத்தினார். பம்பர்கள் முன்னரே செய்யப்பட்டிருந்தமையால் அவற்றையும் நடுவே வெட்டி ஒட்டுப்போட நேர்ந்தது. கம்பெனித் தலைவர் நஃபீல்டு பிரபுவுக்கோ இக்காரின் உருவம் சிறிதும் பிடிக்கவில்லை. ஆயினும் 1948-ஆம் ஆண்டு அக்டோபரில் லண்டன் மோட்டார்க் காட்சியில் மாரிஸ் மைனர் வெளிவந்தது. 1960-ஆம் ஆண்டு டிசம்பரில் பத்து லட்சமாவது மைனர் செய்யப்பட்டது. பிரிட்டிஷ் கார்களுள் இவ்வெண்ணிக்கையை முதலில் எட்டியது இதுவே. பிரபு வெறுத்த காரை மக்கள் விரும்பினர்.

நம் நாட்டிலும் கடலக்கரையிலும்

மைனர் நம் நாட்டிலும் 1950-களில் இந்துஸ்தான் மோட்டார்ஸாரால் பேபி இந்துஸ்தான் என்னும் பெயரோடு செய்யப்பட்டது. அதன் தமையன்போன்ற மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்னும் காரிலும் முன்சக்கரங்கட்கு முறுக்குத்தண்டே அமைந்தது. அவ்வாக்ஸ்போர்டின் வழித்தோன்றலே அம்பாஸடர். 1950-களின் இறுதியில் தோன்றி, 2014-இல் உத்தரபாராத் தொழிற்சாலை மூடப்படும் வரையில் அது நம் சாலைகளில் உழைத்தது.

மன்னார்க் குடாவுக்கு அப்பால் இலங்கையில் மைனர் பெற்ற அன்பு இதனினும் பெரிது. கொழும்பு நகரின் வாடகை வண்டிகளாகப் பல்லாண்டு ஓடிய மைனர்களை அங்குள்ள பட்டறைத் தொழிலாளர் குப்பையிலிடவில்லை. செப்பனிட்டுச் செப்பனிட்டு ஓட்டினர். அத்தேர்ச்சியின் பயனாக, 1990-களில் தென்னிலங்கையில் மைனரின் உறுப்புக்களைச் செய்து, அதனைப் பெற்றெடுத்த இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்யும் தொழிலும் தோன்றியது. பிறந்தகத்தில் கிடைக்காத உறுப்பு புகுந்தகத்திலிருந்து சென்றது விந்தையன்றோ!

ரப்பர் வில்

1952-இல் மாரிஸ், ஆஸ்டின் என்னும் இரு கம்பெனிகளும் ஒன்றாயின. இஸிகோனிஸ் விலகி ஆல்விஸ் கம்பெனிக்குச் சென்றார். அங்கே அவர் வரைந்த பெருங்கார் செலவு கருதிக் கைவிடப்பட்டது. எனினும் அக்காலத்தில் அலெக்ஸ் மோல்ட்டன் என்பாரின் நட்பு கிட்டியது. மோல்ட்டன் குடும்பத்தார் தலைமுறையாக ரப்பர்த் தொழில் செய்பவர். ரப்பர் என்றவுடன் மலாயாத் தோட்டங்களில் பாலெடுத்து வாழ்ந்த நம் தமிழ் மக்களை நினையாதிருத்தல் இயலாது. அம்மரப்பாலே எஃகு செய்யும் தொழிலைச் செய்யுமென்று மோல்ட்டன் காட்டினார்.

1955-இல் இஸிகோனிஸ் பழைய இடத்துக்கே அழைக்கப்பட்டார். 1956-இல் ஸூயஸ் கால்வாய்ப் போரால் பெட்ரோல் முட்டுப்பாடு தோன்றவே, மிகச் சிறிய கார் ஒன்றை விரைந்து செய்யும்படி பணிக்கப்பெற்றார். நீளம் பத்தடி, சக்கரம் பத்தங்குலம், நால்வர்க்கு இடம். எஞ்சினைக் குறுக்கே திருப்பி, பற்சக்கரப் பெட்டியை அதன் அடியில் எண்ணெயோடு வைத்து, காரின் நீளத்தில் பெரும்பகுதியை மனிதர்க்கே விட்டார். 1959-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 26-ஆம் நாள் வெளிவந்த அக்காரே மினி.

இத்துணைச் சிறிய காருக்கு வில் அமைப்பது எளிதன்று. காரின் எடையோ ஏறத்தாழ 600 கிலோ. நால்வர் மூட்டை முடிச்சுகளோடு ஏறினால் அதன் எடையில் ஏறத்தாழப் பாதி மேலும் சேரும். ஒருவர்க்கேற்ற மென்மையான வில்லை வைத்தால் நால்வர் ஏறியதும் அமுங்கித் தரையைத் தொடும். நால்வர்க்கேற்ற வன்மையான வில்லை வைத்தால் தனியே செல்பவர் பல் கிட்டும். மோல்ட்டன் அமைத்த ரப்பர்க்கூம்போ அமுங்க அமுங்க வன்மை பெறும் இயல்புடையது. ஒருவர் ஏறினால் ஒருவர்க்குரிய மென்மை. நால்வர் ஏறினால் நால்வர்க்குரிய வன்மை. அன்றியும் அது கைப்பிடியளவு இடத்தில் அடங்கியது.

பின்னர் இவ்விருவரும் முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் குழாயால் இணைத்து, உள்ளே நீர்மப்பொருளை நிரப்பி, முன்னே ஏற்றம் கண்டால் பின்னேயும் உயர்ந்து கார் மட்டமாகச் செல்லும் ஹைட்ரோலாஸ்டிக் என்னும் அமைப்பைக் கண்டனர். 1962-இல் மாரிஸ் 1100 காரிலும், 1964-இல் மினியிலும் அது இடம்பெற்றது. மினியில் அது நிலைக்கவில்லை. 1969 முதல் படிப்படியாக ரப்பர்க்கூம்பே மீண்டும் வந்தது. 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மான்டி கார்லோ நெடும்பந்தயத்தில் மினி முதலிடம் பெற்றது. சிறிய கார் பெரிய கார்களை மலைப்பாதையில் வென்றதற்கு எஞ்சின் மட்டும் காரணமன்று. நிலத்தைப் பற்றிச்செல்லும் அதன் சக்கரங்களும் காரணமாம்.

வில்லைப் புதுக்குதல்

இனி, இக்கார்களைப் பெற்றுப் புதுக்க விழைவோர் பலராதலின், அவர்க்கு வேண்டுவன சில கூறுவோம். உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பிக்கும் பொருட்டு ஏடு தேடி ஆழ்வார்திருநகரிக் கவிராயர் இல்லங்களுக்கு வந்த செய்தி நாம் அறிந்ததே. செல்லரித்த இடத்தில் தம் சொல்லை நுழைத்துவிடாமல், புலவன் வைத்த பாடம் யாதென ஊரூராகத் தேடியதே அவர் பெருமை. பழைய காரைப் புதுக்குவோனும் பதிப்பாசிரியனை ஒத்தவனே. கைக்குக் கிடைத்ததை மாட்டிவிடுதல் எளிது. ஆக்கியோன் கருத்தை அறிந்து மாட்டுதலே சிறப்பு.

மைனரின் முன்புறம் தாழ்ந்திருக்குமாயின் புதிய தண்டு வாங்குமுன் ஒன்றைச் செய்தல் நலம். தண்டின் முனையில் பற்கள் வெட்டப்பட்டுள்ளன. அவற்றைக் கழற்றி, சிறிது மாற்றிப் பொருத்தினாலே உயரம் மீளும். பல்லாண்டு ஒரே பக்கம் முறுக்கப்பட்ட தண்டை இடம் வலம் மாற்றுதல் கூடாது; மாற்றினால் முறிதலும் நேரும். முறுக்கின் விசை தண்டின் மேற்பரப்பிலேயே மிகுதியாக நிற்பதால், அங்கே ஏற்படும் சிறு கீறலும் துருக்குழியும் பெருங்கேட்டுக்கு வித்தாகும். உப்பளக் காற்று வீசும் நம் தூத்துக்குடிக் கரையில் இதனை மறத்தலாகாது. தண்டைத் துடைத்துப் பார்த்து, துரு குழித்திருந்தால் தயங்காது நீக்குக.

அடுத்து, சக்கரம் திரும்பும் மூட்டாகிய டிரன்னியன். மைனரின் உயிர்நிலை இதுவே. மரையிட்ட இவ்வுறுப்பு கிரீஸின்றித் தேய்ந்தால், ஒரு நாள் மரை கழன்று சக்கரம் மடிந்து விழும். பொன்னிறப் பூச்சுக்குச் செலவிடுமுன் கிரீஸுக்குச் செலவிடுவோனே அறிவுடையோன். முன்புறத்து ஷாக் அப்ஸார்பரின் கையே சக்கரத்தைத் தாங்கும் மேற்கையாகவும் அமைந்திருத்தலால், அது தளர்ந்தால் ஆட்டம் மிகுவதோடு சக்கரத்தின் நிலையும் கெடும். அதனைச் செப்பனிட்டு எண்ணெய் மாற்றுவதா, குழாய் வடிவினதாகிய புதுமுறையைச் சேர்ப்பதா என்னும் வினா எழும். மெல்லச் செல்வோர்க்குப் பழையதே போதும். நெடுவழியில் விரைந்து செல்வோர் புதியதைச் சேர்த்தல் தவறன்று. பின்புறம் தாழ்ந்ததென்று பட்டைவில்லில் மேலும் ஒரு பட்டையை ஏற்றும் பட்டறை வழக்கமோ நன்றன்று. அது வில்வண்டியைப் பாரவண்டியாக்குவதற்கு ஒப்பாகும்.

மினியில் ரப்பர்க்கூம்பு நாட்பட அமுங்கி இறுகும். அதனை எடுத்துவிட்டுச் சுருள்வில் வைப்பாரும் உளர். புதிதில் மென்மையாகத் தோன்றினும், ஏறுவோர்க்கேற்ப வன்மை மாறும் அவ்வரிய இயல்பு அத்துடன் குன்றும். புதிய கூம்பு கிடைக்குமாயின் அதனையே தேர்க என்போம். ஹைட்ரோலாஸ்டிக் உடைய கார் கிடைப்பின், குழாய்களில் கசிவில்லையா, நீர்மத்தை ஏற்றும் கருவி அருகிலுள்ளதா என்று பார்த்த பின்னரே வாங்குதல் தகும்.

இறுதிக் காலம்

1967-இல் ராயல் சொஸைட்டியின் உறுப்பினராகவும், 1969-இல் ஸர் பட்டம் பெற்றவராகவும் இஸிகோனிஸ் சிறப்பிக்கப்பட்டார். குணமே கூறிக் குற்றத்தை மறைத்தல் வரலாறு ஆகாது. இவர் பிடிவாதமுடையவர். தமக்கு வேண்டாதது பிறர்க்கும் வேண்டாவென்று எண்ணுவார். முதலாண்டு மினிகளில் மழைநீர் தரையில் புகுந்தது. விலை குறைவாக வைத்தமையால் கம்பெனிக்கு ஆதாயம் மிகச் சுருங்கிற்று. 1969-இல் வெளிவந்த மாக்ஸி எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. மினியினும் சிறந்ததாக இவர் வரைந்த மற்றொரு கார் பட்டறையோடு நின்றுவிட்டது. 1971-இல் ஓய்வு பெற்றும் ஆலோசகராய்த் தொடர்ந்து வரைந்துகொண்டேயிருந்தார். மணம் புரியாது தாயாரோடு வாழ்ந்த இவருக்கு, அவ்வன்னையாரின் பிரிவு 1972-இல் நேர்ந்தது. 1988-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2-ஆம் நாள் பர்மிங்ஹாமில் இவர் காலமானார். அவர் வரைந்த மினியோ அவருக்குப் பின்னும் பன்னீராண்டு செய்யப்பட்டு, 2000-ஆம் ஆண்டில் 53 லட்சத்துக்கு மேற்பட்ட எண்ணிக்கையோடு நிறைவெய்தியது.

முடிவுரை

பதினைந்தாம் வயதில் ஊரும் வீடும் இழந்து, தந்தையைத் தீவொன்றில் அடக்கம் செய்துவிட்டு, தேர்வில் மும்முறை தவறிய இளைஞர் ஒருவர், எளியோர் ஏறும் வண்டியில் குலுக்கல் குறைய வேண்டுமென்று தம் வாழ்நாளைச் செலவிட்டார். அவர் தீட்டிய கோடுகளின் பயனை அவர் பெயரறியாத நம் ஊர் மக்களும் துய்த்தனர். பழைய மைனர் ஒன்றின் அடியில் படுத்து, துருவைச் சுரண்டிக் கிரீஸ் இடும் மாணவன் வெறும் இரும்பைத் தொடவில்லை. ஒருவர் எண்ணத்தைத் தொடுகின்றான். அவ்வெண்ணத்தைச் சிதையாமற் காத்துப் பின்னோர்க்கு அளிப்பானாக. அதுவே இஸிகோனிஸ் பெருமானுக்கு நாம் செலுத்தும் தக்க நன்றியாகும்.